ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?

“யூரியாவைக் கொட்டிக் கொட்டி மண்ணே செத்துப்போச்சு” என்பார் ஒருவர். “அது இல்லேன்னா ஊரே பட்டினிதான்” என்பார் பக்கத்தில் இருப்பவர். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஐப்பசி மாதத்தில் நாலு விவசாயிகள் கூடுகிற எந்த டீக்கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் இதே சண்டை இன்னும் சத்தமாக நடக்கிறது. இரண்டு கட்சிக்காரர்களும் பேசுவது ஒரே மூட்டையைப் பற்றித்தான். அந்த மூட்டையில் இருப்பது வயலில் இறங்கிய பிறகு எங்கெல்லாம் போகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

விவசாயம் சூழலை எப்படிப் பாதிக்கிறது, பெருகும் மக்கள்தொகைக்கு எப்படிச் சோறு போடுகிறது என்ற கேள்விக்குப் பல முனைகள் உண்டு: தண்ணீர், காடு, பூச்சிமருந்து, ஆடுமாடு. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் தழைச்சத்து என்ற ஒரே சரக்கைப் பின்தொடர்கிறேன். சோறு, காடு, குடிநீர், வானிலை எல்லாம் அந்த வழியிலேயே வந்து சேரும்.

## தழைச்சத்து என்பது என்ன?

தழைச்சத்து என்று நாம் சொல்வது நைட்ரஜன். பயிரின் பச்சைக்கும் பருப்பின் புரதத்துக்கும் நம் உடம்பின் தசைக்கும் அது வேண்டும். புரதத்தின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். வயலுக்கு மேலே மலைமலையாக அது கிடக்கிறது. ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் பயிரால் அதைத் தொட முடியாது. வேர் பெரும்பாலும் இரண்டே வடிவத்தில்தான் எடுக்கும்: ஒன்று அம்மோனியம், இன்னொன்று நைட்ரேட். இரண்டும் தண்ணீரில் கரைபவை.

டீக்கடைச் சண்டையில் பாதி இங்கேயே அடங்கிவிட வேண்டும். சாணியில் இருந்து வந்தாலும் சரி, மூட்டையில் இருந்து வந்தாலும் சரி, இந்த இரண்டு வடிவங்களுக்கு மாறிய பிறகுதான் வேர் எடுக்கும். வேருக்கு ‘இயற்கை நைட்ரேட்’, ‘ரசாயன நைட்ரேட்’ என்ற பேதம் தெரியாது. சாணியும் யூரியாவும் ஒன்று என்று இதற்கு அர்த்தமில்லை. தொழு உரம் மெதுவாக, மாதக்கணக்கில் அவிழும். கூடவே மக்கும், அதாவது மட்கிய தழையும் சாணியும், வந்து மண்ணில் சேரும். யூரியா சில நாட்களில் அவிழ்ந்துவிடும். மக்கு எதையும் கொண்டுவராது. வேகத்திலும் மக்கிலும்தான் வித்தியாசம். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த வேகத்தால் வருபவைதான்.

## வயலுக்கு ஒரு பேரேடு

செட்டிநாட்டில் கணக்கைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பேரேடு எழுதக் கற்று, கடல் கடந்து கடை நடத்தியவர்களின் ஊர் இது. வரவு என்ன, செலவு என்ன, கையில் இருப்பு என்ன என்று ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் லாபமா நட்டமா என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வயலுக்கும் அதே மாதிரி ஒரு பேரேடு போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கரில் 2 டன் நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நெல்லோடு 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து வயலை விட்டுப் போகிறது. வைக்கோலில் இன்னும் 10 கிலோவுக்கு மேல். நெல் புதுவயல் மில்லுக்குப் போய் அரிசியாகி, அங்கிருந்து எந்த ஊருக்கோ லாரி ஏறுகிறது. வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. வருடா வருடம் இவ்வளவு செலவு எழுதினால் வரவிலும் ஏதாவது எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இருப்பு கரையும். அதுவும் எங்கள் பக்கத்துச் செம்பொறை மண்ணில், அதாவது சரளை கலந்த செம்மண்ணில், இருப்பு முதலிலேயே குறைவு.

அந்த வரவு எங்கிருந்து வரும் என்பதுதான் மனித குலத்தின் பழைய தலைவலி. கிடை, காடு, ஆலை என்று மூன்று வழிகளை மனிதர்கள் கண்டிருக்கிறார்கள்.

## கிடையும் கொழுஞ்சியும்

அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மேயும். ராத்திரி, பேசிவைத்த வயலில் வளைத்து அடைப்பார்கள். அதுதான் கிடை போடுவது. விடிந்து ஆடு எழுந்து போன இடத்தில் புழுக்கை சிதறிக் கிடக்கும்; மூத்திரம் இறங்கிய மண் நிறம் மாறி, மூக்கைப் பிடிக்கும் ஒரு காரமான வாடை எழும். அது அம்மோனியா. பெயரை மறக்க வேண்டாம், மறுபடி வருகிறது.

கிடை அருமையான ஏற்பாடு. ஆனால் பேரேட்டுக் கண்ணோடு பார்த்தால் கிடை புதிதாகத் தழைச்சத்து எதையும் உண்டாக்குவதில்லை. தரிசில் இருந்ததை வயலுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். கிடை போட்ட வயலுக்கு வரவு, ஆடு மேய்ந்த நிலத்துக்குச் செலவு. தொழு உரமும் அப்படியே. மாடு தின்ற தீவனம் எங்கோ ஒரு நிலத்தில் விளைந்ததுதானே? ‘எங்கள் வயலுக்கு வெளியே இருந்து எதுவும் வாங்குவதில்லை, சாணி மட்டும்தான்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் வரும்.

உண்மையிலேயே புது வரவு என்றால் அது காற்றில் இருந்து வர வேண்டும். அதைச் செய்யும் ஆட்கள் மண்ணில் இருக்கிறார்கள். கொழுஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பை, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்று நைட்ரஜனின் பிணைப்பை உடைத்து அம்மோனியமாக்கிச் செடிக்குத் தருகின்றன. காற்று நைட்ரஜனைப் பயிர் எடுக்கும் வடிவத்துக்கு மாற்றும் இந்த வேலைக்கு நைட்ரஜன் நிலைப்படுத்தல் என்று பெயர். கொழுஞ்சியை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் காற்றில் இருந்தது மண்ணுக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு நிலமும் ஈரமும் சில வாரங்கள் ஒதுக்க வேண்டும். மழையை நம்பி ஒரு போகம் எடுக்கும் ஊரில் அந்த ஈரத்தைப் பசுந்தாளுக்குக் கொடுப்பதா, நெல்லுக்குக் கொடுப்பதா?

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: அறுவடை என்பது வயலில் இருந்து தழைச்சத்தை வெளியே எடுப்பது. கிடையும் தொழு உரமும் அதை இடம் மாற்றுகின்றன. முடிச்சு வேர்ப் பயிர்கள் புதிதாகக் கொண்டுவருகின்றன, ஆனால் இடமும் நேரமும் கேட்கின்றன.

## பர்மா வழி

இரண்டாவது வழி, இருப்பு நிறைந்த புது நிலத்தைத் தேடிப் போவது. காட்டை அழித்தால் பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்த மக்கு கிடைக்கும்; கொஞ்ச காலத்துக்கு வரவு எழுத வேண்டியதில்லை.

இதற்கு உதாரணம் தேடி செட்டிநாட்டார் வேறெங்கும் போக வேண்டாம். கீழ் பர்மாவை 1852-ல் பிரிட்டிஷார் பிடித்தார்கள். அப்போது அங்கே நெல் விளைந்தது 10 லட்சம் ஏக்கர் அளவில். 1930-களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஐராவதி முகத்துவாரத்தின் காடுகளும் சதுப்புகளும் வெட்டித் திருத்தப்பட்டு வயலாயின. திருத்திய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்களில் முதலிடம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாருக்கு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கானாடுகாத்தான் வீடுகளின் தேக்குத் தூண்களைப் பார்த்து வியக்கிறோம். அந்தப் பணத்துக்குப் பின்னால் நெல் இருந்தது, நெல்லுக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது.

அந்த அரிசியையும் நம்பித்தான் தென்னிந்தியாவும் வங்காளமும் இலங்கையும் பசி ஆறின. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது.

மக்கள்தொகை பெருகப் பெருக நிலத்தை விரித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 1950-51-ல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். விளைந்த பரப்பு சுமார் 9.7 கோடி ஹெக்டேர். அன்று மக்கள்தொகை 36 கோடி. இன்று 140 கோடிக்கு மேல். 2023-24-ல் விளைச்சல் 33 கோடி டன்னைத் தாண்டியது. பரப்போ மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கூடியிருக்கிறது. 1950-ன் மகசூலிலேயே இன்றைய தானியத்தை விளைவிக்க வேண்டுமானால் 63 கோடி ஹெக்டேர் தேவைப்படும். மலை, பாலைவனம், நகரம் எல்லாம் சேர்த்து இந்தியாவின் மொத்தப் பரப்பே 33 கோடி ஹெக்டேருக்குள்தான். அதாவது இன்னொரு இந்தியாவை வாங்கி இரண்டையும் முழுக்க உழுதாக வேண்டும்.

‘விவசாயம் காட்டை அழித்தது’ என்பது உண்மை. ஏக்கருக்கு விளைச்சல் கூடியதால் அழியாமல் தப்பிய காடும் உண்டு என்பதும் உண்மை. இரண்டாவதைப் படம்பிடித்துக் காட்ட முடியாது என்பதால் அதை யாரும் பேசுவதில்லை.

## ஆலையில் செய்த வரவு

விளைச்சல் கூடியதற்குப் புது ரகங்களும் பாசனமும் காரணம். ஆனால் குட்டையான புது நெல் ரகங்கள் உரத்தை எடுத்துக்கொண்டு சாயாமல் நிற்கும் என்பதுதான் அவற்றின் சிறப்பே. உரம் இல்லாமல் அவற்றுக்கு வேலை இல்லை.

அந்த உரத்தின் கதை 1909-ல் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலாளர், காற்று நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குப் பெரிதாக்கினார். 1913-ல் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. கொழுஞ்சி வேர் சத்தமில்லாமல் செய்யும் வேலையை இரும்புக் கொப்பரையில் செய்ததுதான் இது. அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் யூரியா. தூத்துக்குடியிலும் மணலியிலும் இருக்கும் ஆலைகள் செய்வதும் இதையே. ஹைட்ரஜனுக்கு இன்றும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆக, யூரியா மூட்டை வயலுக்கு வருவதற்கு முன்பே புகைபோக்கி வழியாகக் கரியமில வாயுவாக ஒரு செலவு எழுதியாகிவிட்டது.

இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்த ஆலை நைட்ரஜனை நம்பி இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அதை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பக்கத்து நாடே காட்டியது. இலங்கை 2021-ல் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. நெல் விளைச்சல் சரிந்தது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்த வேண்டி வந்தது.

## மூட்டை ஒழுகும் இடங்கள்

இனி மூட்டையை அவிழ்ப்போம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 20.7 கிலோ. தொழு உரத்தில் அரை சதவீத அளவுதான் இருக்கும். அந்த 20 கிலோவைத் தொழு உரத்தில் கொண்டுவர 4 டன் அடிக்க வேண்டும். விவசாயி ஏன் மூட்டையைத் தூக்குகிறார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நெல் வயலில் போட்ட யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதாவது மூட்டைக்கு ஏழெட்டு கிலோ. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றது எங்கே?

முதல் ஓட்டை, மேலே. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவைச் சில நாட்களில் அம்மோனியமாக உடைத்துவிடும். தண்ணீர் நின்று, வெயில் அடித்து, காற்றும் வீசினால் அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக எழுந்து போய்விடும். கிடையில் வந்த அதே வாடைதான். திறந்த வயலில் கரைந்து போவதால் மூக்குக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது ஓட்டை, கீழேயும் பக்கத்திலும். காற்றோட்டம் உள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வேலை செய்கிறது. களிமண் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம். அம்மோனியத்துக்கு நேர்மின்னேற்றம் என்பதால் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னேற்றம் என்பதால் ஒட்டாது. தண்ணீர் போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். களி குறைந்து மணல் மிகுந்த செம்மண்ணில் ஒரு கனமழை போதும். கிணற்றுக்கும் ஊருணிக்கும் அது இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறன் குறைகிறது. கண்மாயில் ஆகாயத்தாமரையும் பாசியும் மொய்ப்பதற்கும் இப்படி வந்து சேரும் சத்துகளும் சாக்கடையும் காரணம்.

மூன்றாவது ஓட்டை கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் மண்ணில், காற்று இல்லாத நேரத்தில், வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைத் திரும்ப வாயுவாக்கிவிடும். அதில் பெரும்பகுதி சாதாரண நைட்ரஜனாகக் காற்றில் கலந்துவிடும். யாருக்கும் கெடுதல் இல்லை, காசு மட்டும் போச்சு. சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அதே எடை கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் 100 ஆண்டுக் கணக்கில் 270 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும் வாயு அது.

சுருக்கமாக: பயிருக்குள் போன தழைச்சத்து சோறு. போகாதது வாயுவாகவும் நைட்ரேட்டாகவும் அலைகிறது. சூழல் கேடு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தப் போகாத பங்கு.

யூரியா மண்ணை ‘மலடாக்குகிறது’ என்பதில் எவ்வளவு உண்மை? யூரியா விஷம் அல்ல. ஆனால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண்ணின் அமிலத்தன்மை கூடும்; எங்கள் செம்பொறை மண்ணில் ஏற்கெனவே அது உண்டு. தொழு உரத்தை அறவே நிறுத்திவிட்டால் மக்கும் குறைகிறது. மக்கு குறைந்த மண் சத்தைப் பிடித்து வைக்காது, ஒழுகல் இன்னும் கூடும், விவசாயி இன்னொரு மூட்டை போடுவார்.

## மீத்தேன் பற்றி இரண்டு வார்த்தை

நெல்லைக் குற்றவாளியாக்கும் இன்னொரு கணக்கு மீத்தேன். தண்ணீர் தேங்கிய சேற்றில் உயிர்வாயு கிடையாது. அங்கே மட்டும் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் தழையைத் தின்று மீத்தேனை விடுகின்றன. அது நெற்பயிரின் உள்ளே இருக்கும் காற்றுக்குழல் வழியாகவே மேலே ஏறிப் போகிறது. மனித வேலைகளால் வரும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெல் வயல்களில் இருந்து வருகிறது. ஆடுமாடுகள் அசைபோட்டு ஏப்பம் விடுவதில் இருந்து வருவது அதைவிட மிக அதிகம். எங்கள் பக்கத்துப் புழுதி விதைப்பில் மழை பெய்து தண்ணீர் கட்டும் வரை வயல் காய்ந்தே கிடப்பதால், அந்த நாட்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

## ஓட்டையை அடைக்க முடியுமா?

முழுக்க முடியாது. ஆனால் நிறையக் குறைக்கலாம், அதுவும் விளைச்சலைக் குறைக்காமல்.

ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது முதல் வேலை. எப்போது போடுவது என்று சொல்ல இலை வண்ண அட்டை இருக்கிறது: பச்சையின் வெவ்வேறு அடர்த்தியில் எண்ணிட்ட கட்டங்கள் போட்ட சின்ன அட்டை. காலையில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, உடம்பு நிழலில் இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். வெயில் நேரே விழுந்தால் நிறம் ஏமாற்றும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணுக்குக் கீழே, மற்ற பல ரகங்களுக்கு நான்காம் எண்ணுக்குக் கீழே போனால்தான் உரம். பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காக நாமும் போடுகிற பழக்கத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

2015 முதல் எல்லா யூரியாவிலும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. வேம்பு, நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் வெகுவாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடலாம். ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் கசியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். மழை இருட்டிக்கொண்டு வரும்போது யூரியா வீசாமல் இருப்பதற்கு எந்த அட்டையும் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பழைய வேலை ஒன்று. ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும்படி அமைத்த ஊர்கள் இவை. மேட்டு வயலில் இருந்து கரைந்து வந்த மண்ணும் மக்கும் கண்மாயின் அடியில் படியும். கோடையில் அந்த வண்டலை வெட்டி வயலில் அடிப்பது, வாராக் கடனில் ஒரு பகுதியை வசூலித்த மாதிரி. சத்தோடு, நைட்ரேட்டாக மாறும் முன் அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும் களியும் சேர்ந்து வருகிறது. செம்மண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மாட்டுவண்டி போய் ஜேசிபியும் டிப்பரும் வந்தபின் வண்டல் பல இடங்களில் வயலுக்குப் போகாமல் வீட்டு மனைக்குப் போகிறது.

## பேரேட்டில் எழுதாத வரி

கணக்கில் இன்னும் ஒரு வரி பாக்கி. அரிசியோடு ஊருக்குப் போன தழைச்சத்து என்ன ஆனது? வளர்ந்த மனிதர் தினமும் சாப்பிடும் புரதத்தில் 10 கிராம் அளவு நைட்ரஜன் இருக்கும். உடம்பு அதைச் சேர்த்து வைப்பதில்லை. ஏறக்குறைய முழுவதையும் வெளியேற்றுகிறது, பெரும்பகுதி சிறுநீரில், யூரியாவாக. மூட்டையில் இருக்கும் அதே மூலக்கூறு. ஃபிரீட்ரிக் வோலர் 1828-ல் ஆய்வகத்தில் முதன்முதலாக யூரியாவைச் செய்தபோது அதைச் சிறுநீரில் கிடைத்த யூரியாவோடு ஒப்பிட்டுத்தான் உறுதி செய்தார். ஆறு பேர் உள்ள ஒரு குடும்பம் வருடத்துக்குக் கழிப்பது கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்து.

அது செப்டிக் டேங்குக்கும் சாக்கடைக்கும் போகிறது, வயலுக்குத் திரும்புவதில்லை. திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, வந்து போகிறவர்களுக்கே காசு கொடுத்து, சேர்ந்ததை உரமாகப் பரிசோதித்தார்கள். செட்டிநாட்டில் இதை யாராவது செய்ய முன்வந்தாலும் கணக்கு இடிக்கும். 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அந்த விலை இருக்கும்வரை சிறுநீரைச் சுமந்துவரும் டேங்கர் லாரிக்கு டீசல் காசு கூடக் கட்டாது. இலை வண்ண அட்டை பார்த்து அரை மூட்டை மிச்சம் பிடித்தவருக்கும் மிஞ்சுவது 130 ரூபாய்தான்.